பட்டறையின் சாவி

ஒரு பெரிய பட்டணத்தில் சங்கீத சபா ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம். நல்ல காப்பி கிடைக்கும் ஹோட்டலைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். ஆனால் ஒரு பலகையை நிம்மதியாக அறுத்து, இழைத்து, நாலு ஆணி அடித்து முடிப்பதற்கு ஓர் இடம் கண்டுபிடிப்பது இருக்கிறதே, அது மகா கஷ்டம்!

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. தச்சுப் பட்டறை எந்தத் தெருக்கோடியில் இருக்கிறது, கொல்லன் உலை எந்தப் புளியமரத்தடியில் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கூடத் தெரியும். பம்பரத்துக்கு ஆணி வைக்க வேண்டுமானால் அங்கே போய் நின்றால் போதும். "ஆசாரியாரே, அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்கலாம். கேட்டுத் திட்டு வாங்கலாம். திட்டு வாங்கிய பிறகும் அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிய வீட்டில் குடியிருப்பவன் எங்கே போவான்? அவன் ரம்பத்தைக் கையில் எடுத்த ஐந்தாவது நிமிஷம் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். மரத்தூளைக் கண்டு மனைவி முகம் சுளிக்கிறாள். கடைசியில் அவன் கடைக்குப் போய், தனக்குப் பிடிக்காத ஒரு சாமானை விலை கொடுத்து வாங்கி வருகிறான்.

இதற்குப் பரிகாரமாக உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம் ஒரு புது விதமான ஸ்தாபனம் தோன்றியிருக்கிறது. 'மேக்கர்ஸ்பேஸ்' என்பது அதன் ஒரு பெயர். 'ஹாக்ஸ்பேஸ்' என்பது இன்னொரு பெயர். நான் 'பொதுப் பட்டறை' என்று சொல்லிக்கொள்கிறேன். நூல்நிலையத்தில் பலர் சேர்ந்து புத்தகங்களைப் பொதுவில் வைத்துக்கொள்வது போல, இங்கே பலர் சேர்ந்து ரம்பத்தையும் லேத்தையும் தையல் யந்திரத்தையும் பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள். சந்தா கட்டினால் நீங்களும் நானும் உள்ளே போய் ஏதாவது செய்யலாம். செய்யத் தெரியாவிட்டால், தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

இப்படி நாலைந்து பட்டறைகள் ஒரே நகரத்தில் இருந்தால் எதில் சேருவது? கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் யந்திரங்களை எண்ணுகிறார்கள். லேசர் கதிரால் மரத்தை வெட்டும் யந்திரம் இருக்கிறதா, உருவங்களை அடுக்கடுக்காக வார்த்துக் கொடுக்கும் திரீ-டி பிரிண்டர் எத்தனை என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லண்டன் மாநகரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோது, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு என்று எனக்குத் தோன்றியது. 'இந்தப் பட்டறையின் சாவி யாரிடம் இருக்கிறது?' என்பதே அந்தக் கேள்வி. இருநூறு வருஷமாக அந்த நகரத்தில் இந்தக் கேள்விதான் வேஷம் மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கிறது.

கதை லண்டனில் ஆரம்பமாகவில்லை. வடக்கே ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரில், ஒரு தகரப் பட்டறையில் ஆரம்பமாகிறது. ஜார்ஜ் பிர்க்பெக் என்ற இளம் டாக்டர் அந்த ஊரில் ஆண்டர்சன் கலாசாலையில் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்தார். பாடம் நடத்துவதற்கு அவருக்குச் சில கருவிகள் வேண்டியிருந்தன. அவற்றைச் செய்யச் சொல்வதற்காகப் பட்டறைக்குப் போனார். அங்கே ஒரு நீரிறைக்கும் யந்திரத்தின் மாதிரி உருவாகிக்கொண்டிருந்தது. அதைச் செய்த தொழிலாளர்கள் டாக்டரைச் சூழ்ந்துகொண்டு, "இது எப்படி வேலை செய்கிறது? ஏன் இப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தங்கள் கையாலேயே செய்த சாமானின் தத்துவம் தங்களுக்குத் தெரியவில்லையே என்ற ஏக்கம் அந்த முகங்களில் இருந்ததை பிர்க்பெக் கவனித்தார். 1800-ம் ஆண்டில், தொழிலாளர்களுக்கென்று சனிக்கிழமை இரவுகளில் இலவசப் பிரசங்கங்கள் தொடங்கினார். முதல் நாள் 75 பேர் வந்தார்கள். நாலாவது பிரசங்கத்துக்குள் கூட்டம் ஐந்நூறு ஆகிவிட்டது!

சில ஆண்டுகளில் டாக்டர் லண்டனுக்குப் போய்விட்டார். கிளாஸ்கோ வகுப்பு மட்டும் நடந்து வந்தது. தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு நூல்நிலையமும் சேர்த்தார்கள். வந்தது வினை! அந்த நூல்நிலையத்தை நிர்வகிப்பது நாங்களா, கலாசாலையின் தர்மகர்த்தாக்களா என்று தகராறு எழுந்தது. 1823-ம் ஆண்டில் தொழிலாளர்கள் பிரிந்து வெளியே போய், 'கிளாஸ்கோ மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன்' என்று சொந்த ஸ்தாபனமே கண்டுவிட்டார்கள். பிரசங்கம் நன்றாக இல்லை என்று அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. சாவி யாருடையது என்பதற்காகப் போனார்கள்.

அதே வருஷம் லண்டனில் 'மெக்கானிக்ஸ் மாகஸீன்' என்ற மலிவு விலைப் பத்திரிகை தொடங்கியது. அதை நடத்திய ஜோசப் ராபர்ட்ஸன் என்பவரும், கடற்படையிலிருந்து வெளியே வந்தவரான தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் என்பவரும் சேர்ந்து, கிளாஸ்கோவில் நடந்ததை லண்டனிலும் நடத்த வேண்டும் என்று எழுதினார்கள். நவம்பர் 11-ந் தேதி ஸ்ட்ராண்டு வீதியில் 'கிரௌன் அண்டு ஆங்கர்' என்ற சாராய விடுதியில் கூட்டம் கூடியது. ஏறக்குறைய 2,000 பேர் வந்தார்கள். தலைமை வகிக்கப் பழைய டாக்டர் பிர்க்பெக்கே அகப்பட்டார்.

கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் பணம் யார் கொடுப்பது என்றவுடன் கட்சி இரண்டாயிற்று. "தொழிலாளர்கள் தங்கள் சந்தாவிலேயே நடத்தட்டும். கனவான்களின் பணம் உள்ளே வந்தால் அவர்களுடைய கருத்தும் பின்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்காரும்" என்பது ஹாட்ஜ்ஸ்கின் கட்சி. "வாரக் கூலி வாங்குகிறவனின் சந்தாவை நம்பிக் கட்டடம் கட்ட முடியுமா? கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், வாங்கிக்கொள்வோம்" என்பது பிரான்ஸிஸ் பிளேஸ் கட்சி. பிளேஸ் தையற்காரராக இருந்து முன்னுக்கு வந்தவர். தொழிலாளர்களிடம் அவருக்குப் பரிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு நாட்டு நடப்புத் தெரியும். பணக்காரர்களின் வீட்டு வாசற்படிகளை ஏறி இறங்கி அவர் வசூல் செய்தார். பிளேஸ் கட்சிதான் ஜயித்தது. சான்ஸரி லேன் பக்கத்தில் பிரசங்க மண்டபம் கட்டுவதற்கு டாக்டர் பிர்க்பெக் தம் சொந்தப் பணத்திலிருந்து 3,700 பவுன் கடன் கொடுத்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். நிர்வாகக் கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர்களாகவே இருக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்தார்கள். சந்தா வருஷத்துக்கு 1 பவுன். நூல்நிலையம், யந்திரங்களின் காட்சிசாலை, கணிதப் பள்ளி எல்லாம் திட்டத்தில் இருந்தன. அவற்றோடு, அங்கத்தினர்கள் சொந்தமாகச் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு பட்டறையும் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆம், இன்றைய பொதுப் பட்டறையின் எண்ணம் 1823-ம் ஆண்டுக் காகிதத்திலேயே இருக்கிறது!

பிற்பாடு என்ன ஆயிற்று? பட்டறையை விடப் பிரசங்க மண்டபம் பிரதானமாகிவிட்டது. இங்கிலாந்து முழுவதும் இந்த மாதிரி ஸ்தாபனங்கள் நூற்றுக்கணக்கில் தோன்றின. ஆனால் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், கையில் எண்ணெய்க் கறையோடு வந்தவர்கள் குறைந்து, காதில் பேனா செருகிய குமாஸ்தாக்கள் பெஞ்சுகளை நிரப்பினார்கள். லண்டன் ஸ்தாபனம் 1830-ல் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. 1907-ல் பிர்க்பெக் காலேஜ் என்று பெயர் பெற்றது. 1920-ல் லண்டன் சர்வகலாசாலையோடு சேர்ந்தது. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு மாலையில் படிக்க வந்தவர்களுக்கு அது செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆகையால் அது தோற்றுப் போயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறொன்றாக மாறிப் போயிற்று என்று சொல்லலாம். தகரப் பட்டறைத் தொழிலாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வீடு கட்டினார்கள், வீடு எழும்பியது, கேள்வி கேட்டவன்தான் அங்கே அதிகம் தென்படவில்லை.

இனி நூற்றைம்பது வருஷங்களைத் தாண்டிப் போவோம். 1970-களில் இங்கிலாந்தில் 'லூக்காஸ் ஏரோஸ்பேஸ்' என்ற பெரிய கம்பெனி இருந்தது. விமானங்களுக்கு வேண்டிய சாமான்கள் செய்வது அதன் தொழில். அதில் கணிசமான பங்கு ராணுவ விமானங்களுக்குப் போயிற்று. ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பீதி தொழிற்சாலைகளில் பரவியது. சாதாரணமாக இந்த மாதிரி சமயத்தில் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள்? கொடி பிடிப்பார்கள், கோஷம் போடுவார்கள். லூக்காஸ் தொழிலாளர் பிரதிநிதிகள் அதோடு நிற்கவில்லை. 'எங்கள் கைத்திறமையையும் இந்த யந்திரங்களையும் கொண்டு ஜனங்களுக்கு உபயோகமான எதைச் செய்யலாம்?' என்று நாட்டிலுள்ள நிபுணர்களுக்கும் ஸ்தாபனங்களுக்கும் நூற்றெண்பது கடிதங்கள் போட்டார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய பதில்களே வந்தன. பிறகுதான் அவர்களுக்குப் புத்தியில் பட்டது. அதே கேள்வியைத் தங்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களிடமே கேட்டார்கள். யோசனைகள் வந்து குவிந்தன, 150 சாமான்கள்! வீட்டைச் சூடாக்கும் வெப்ப யந்திரம், ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய வண்டி, காற்றாலை, முதுகெலும்புக் கோளாறோடு பிறந்து நடக்க முடியாத குழந்தைகள் தாங்களே ஓட்டிக்கொள்ளும் சிறு வண்டி...

1976-ம் ஆண்டு ஜனவரியில் இந்தத் திட்டத்தை ஆறு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. கம்பெனி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. யந்திரம் இருந்தது, திறமை இருந்தது, யோசனை இருந்தது. சாவி மட்டும் வேறொருவர் சட்டைப்பையில் இருந்தது. திட்டத்தின் முன்னணியில் நின்ற மைக் கூலி என்ற அயர்லாந்துக்காரர் 1981-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே வருஷம், மாற்று நோபல் என்று சொல்லப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரு கையால் சீட்டைக் கிழித்தார்கள், இன்னொரு கையால் மாலை போட்டார்கள் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் கைகள் இரண்டும் ஒரே ஆளுடையவை அல்ல.

கூலிக்கு உடனே வேறொரு வாசல் திறந்தது. 1981-ல் லண்டன் பெருநகர சபை தொழிற்கட்சியின் கைக்கு வந்திருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம். நகர சபை ஏற்படுத்திய தொழில் வளர்ச்சி வாரியத்தில் கூலி தொழில்நுட்ப டைரக்டராக அமர்ந்தார். அவர் முயற்சியால் நகரில் ஐந்து 'டெக்னாலஜி நெட்வொர்க்குகள்' தோன்றின. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எவரும் உள்ளே வந்து, தமக்கு வேண்டியதைச் செய்து பார்ப்பதற்கான பொதுப் பட்டறைகளே அவை. கலாசாலைகளின் விஞ்ஞானிகளோடு அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. ஆனால் கட்டடங்களை வேண்டுமென்றே கலாசாலைக்கு வெளியே வைத்தார்கள். கலாசாலையின் பெரிய வாசலைக் கண்டு ஏழைத் தொழிலாளி தயங்கி நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம்தான். எவ்வளவு நுட்பமான யோசனை பாருங்கள்! மின்சார சைக்கிள், சிறிய காற்றாலை, அங்கஹீனர்களுக்கு உதவும் கருவிகள், குழந்தைகள் விளையாட்டுச் சாமான் என்று பல மாதிரிகள் உருவாயின. குளிரில் நடுங்கும் ஏழைகளின் வீடுகளில் உஷ்ணம் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையும் நடந்தது. பெண்கள் சேர்ந்து நடத்திய கம்ப்யூட்டர் கூட்டுறவு ஒன்றும் தோன்றியது. செய்த சாமான்களின் அமைப்பு விவரங்களை எல்லோரும் எடுத்து உபயோகிக்கும்படி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்தார்கள்.

உள்ளே சச்சரவும் இல்லாமலில்லை. 'விற்றுப் பணம் பண்ணக்கூடிய சாமானைச் செய்வோம்' என்றனர் சிலர். 'அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்து கற்றுக்கொள்வதுதான் முக்கியம்' என்றனர் சிலர். வழக்கு தீருவதற்குள் நீதிபதியே மறைந்துவிட்டார். லண்டன் நகர சபைக்கும் பிரதமர் மார்கரெட் தாட்சரின் சர்க்காருக்கும் ஆகவில்லை. 1986-ம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதியோடு அந்தச் சபையே இல்லாமல் கலைக்கப்பட்டுவிட்டது! பட்டறைகளுக்குப் படி அளந்த கை நின்றது. அந்த ஏற்பாடும் மெல்லக் குலைந்தது. தனவந்தர்களின் பணத்துக்கு ஹாட்ஜ்ஸ்கின் பயந்தார் அல்லவா? நகர சபையின் பணமும், அன்பான நகர சபையாகவே இருந்தாலும், நிலையானதல்ல என்பதை 1986 காட்டியது.

மூன்றாவது அத்தியாயம் ஜெர்மனியில் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் யந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் பித்துக்கொண்ட இளைஞர்கள் 1981-லேயே அங்கே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1995-ல் பெர்லினில் 'சி-பேஸ்' என்ற இடம் தோன்றியது. 2007-ம் ஆண்டு கோடையில் பெர்லினுக்கு அருகே நடந்த ஒரு முகாமுக்கு அமெரிக்காவிலிருந்து சிலர் போனார்கள். போனவர்கள் பார்த்ததை மறக்கவில்லை. ஊர் திரும்பி நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் பட்டறைகளைத் தொடங்கிவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் யென்ஸ் ஓலிக், லார்ஸ் வைலர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், இந்த மாதிரி பட்டறை நடத்துவது எப்படி என்று அநுபவத்தில் கண்ட யுக்திகளைத் தொகுத்து ஒரு மகாநாட்டில் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த யுக்தி ஒன்று அதில் இருக்கிறது. வாரத்தில் எந்த நாள் கூட்டம் போடுவது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளுக்கு ஆட்சேபம் சொல்வார்கள். ஆகையால் கேட்காதே, செவ்வாய்க்கிழமை என்று வைத்துவிடு! நம் ஊர்ச் சங்கங்களில் காரியதரிசியாக இருந்து அவதிப்பட்டவர்கள் இந்த ஞானத்தை உடனே ஒப்புக்கொள்வார்கள். இன்னொரு யுக்தி கொஞ்சம் கனமானது. வாடகைப் பணத்தை அங்கத்தினர்களின் சந்தாவிலிருந்தே கட்டு. நன்கொடைக்காரரை நம்பி வாடகைக்கு இடம் பிடிக்காதே என்பது அது. 1823-ல் தோற்றுப்போன ஹாட்ஜ்ஸ்கினின் வாதம் வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டதல்லவா?

2009-ல் 'லண்டன் ஹாக்ஸ்பேஸ்' தோன்றியது. லாப நோக்கமில்லாத சங்கம். சந்தா அவரவர் மனச்சாட்சிப்படி. ஆனால் மாதம் 5 பவுனுக்குக் குறையக் கூடாது என்று அப்போது வைத்திருந்தார்கள். கிழக்கு லண்டனில் ஹாக்னி ரோட்டில் இடம் பிடித்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அங்கத்தினர்கள் பஸ்ஸுக்கும் ரெயிலுக்கும் வைத்திருக்கும் பிரயாணச் சீட்டு அட்டையையே காட்டினால் பட்டறைக் கதவு திறக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். சாவி யாரிடம் என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆயிரம் பேரிடமும் சாவி!

இதற்கு நேர் எதிரான உதாரணம் அமெரிக்காவில் இருந்தது. 2006-ல் கலிபோர்னியாவில் 'டெக்ஷாப்' என்ற கம்பெனி தொடங்கியது. பளபளக்கும் யந்திரங்கள், சம்பளத்துக்கு ஆசிரியர்கள், மாதச் சந்தா நூறு டாலருக்கு மேல். யந்திரங்களை எண்ணிப் பார்க்கிறவர்கள் அங்கேதான் சேருவார்கள், சேரவும் சேர்ந்தார்கள். கடைகளில் பணம் வாங்க உதவும் 'ஸ்கொயர்' என்ற சின்னஞ்சிறு கருவியின் முதல் மாதிரி அங்கேதான் உருவாயிற்று. பத்து இடங்களில் கிளை பரப்பினார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி பத்தும் ஒரே நாளில் மூடப்பட்டன. கம்பெனி திவாலாகிவிட்டது. அந்தப் பட்டறையை நம்பிச் சிறு தொழில் நடத்தியவர்கள் காலையில் வந்து பூட்டின கதவைப் பார்த்தார்கள். அவர்களும் பல வருஷம் சந்தா கட்டியவர்கள்தான். ஆனால் அவர்கள் வாடிக்கைக்காரர்கள், வீட்டுக்காரர்கள் அல்ல.

அந்த 2017-ம் ஆண்டு வாக்கிலேயே லண்டன் ஹாக்ஸ்பேஸும் ஹாக்னி ரோட்டு இடத்தை விட்டுப் போக நேர்ந்தது. கஷ்டம்தான். லண்டன் வாடகையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆனால் சங்கம் கலையவில்லை. வேறிடம் தேடினார்கள், நகரின் வடமேற்கில், நம் தமிழ் ஜனங்கள் நிறைய வசிக்கும் வெம்பிளியில் மறுபடி பட்டறையைத் திறந்தார்கள். இடம் போனாலும் சங்கம் இருந்தது. டெக்ஷாப்பில் கம்பெனி போனதும் எல்லாம் போயிற்று.

இவ்வளவையும் படித்துவிட்டு, சாவி அங்கத்தினரிடம் இருக்கும் பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு சமயம் லண்டனில் என் மருமான் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் கையாலேயே மரத்தொட்டில் செய்ய வேண்டும் என்று பிள்ளையாண்டானுக்கு ஆசை. மூன்றாவது மாடி வீடு. ஆகையால் பட்டறை தேடிப் புறப்பட்டோம்.

முதலில் பார்த்த இடம் கண்ணாடி போல் இருந்தது. வாசலில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் விலைப் பட்டியலைக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்கு. ஆனால் அரை மணி நேரம் நின்றும், வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசி நான் பார்க்கவில்லை. இரண்டாவது இடம் அங்கத்தினர்களே நடத்துவது. கதவைத் திறந்தவர், "யார், என்ன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். பெரிய ரம்பத்தின் மேல் 'பழுது' என்று எழுதிய சீட்டு. அந்தச் சீட்டின் மேலேயே ஒரு விரற்கடை தூசி. கழுவாத காப்பிக் கோப்பைகள் ஒரு மலை. எல்லோருக்கும் சொந்தமானது யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்ட காட்சி அது.

"என்ன மாமா செய்வது?" என்றான் மருமான்.

"மூன்றாவதையும் பார்த்துவிடுவோமே" என்றேன்.

மூன்றாவது இடம் ரெயில் பாலத்து வளைவு ஒன்றின் அடியில் இருந்தது. தலைக்கு மேல் ரெயில் போகும்போதெல்லாம் எல்லோரும் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அங்கேயும் பழுதான யந்திரம் இருந்தது. ஆனால் அதில் தொங்கிய சீட்டில் என்ன பழுது, யார் பார்க்கிறார்கள், எந்தத் தேதி என்று எழுதியிருந்தது. தேதி அந்த வாரத்துத் தேதி. சுவரில் ஓர் ஆணியில் துடைப்பம். அறுத்து முடித்த கிழவி ஒருத்தி தானே அதை எடுத்துப் பெருக்கிவிட்டு, "நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று மருமானைக் கேட்டாள். தொட்டில் என்றதும் இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். எந்த மரம் நல்லது, குழந்தையின் விரல் சிக்காமல் இருக்கச் சட்டங்களுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பெரிய விவாதமே நடந்தது. ரம்பத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் பாடம் கேட்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்கள். மருமான் அங்கே சேர்ந்தான். அவன் வீட்டிலிருந்து அது பஸ்ஸில் நாற்பது நிமிஷம். முதலில் பார்த்த கண்ணாடி மாளிகை பத்து நிமிஷ நடை.

ஆகையால், பட்டறை தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெரிய கடைவீதிகளில் தேட வேண்டாம். அங்கே வாடகை கட்டி இந்த மாதிரி ஸ்தாபனம் பிழைக்காது. ரெயில் பாலத்தடி, பழைய தொழிற்பேட்டை, நகர எல்லை, இவைதான் இடம். தென் லண்டனில் ஹெர்ன் ஹில் பகுதியில் உள்ள பொதுப் பட்டறை ரெயில் வளைவுக்கு அடியில்தான் தோன்றியது. உங்கள் காரியம் என்ன என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பேச்சுத்துணைக்கும் சேர்த்துத் தேடுகிறவருக்கு, ஆஸ்திரேலியாவில் தோன்றி லண்டனில் காம்டன் டவுனுக்கு 2011-ல் வந்த 'ஷெட்' என்ற கொட்டகைகள் உண்டு. மரவேலையைப் பிழைப்பாகக் கொண்டவருக்கு எட்மண்டனில் பெரிய யந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கும் 'பில்டிங் பிளாக்ஸ்' போன்ற இடம் பொருத்தம். நகராட்சி ஆதரவோடு 2014-ல் வால்தம்ஸ்டோவில் தோன்றிய 'பிளாக்ஹார்ஸ் ஒர்க்ஷாப்' போல, ஆசிரியர் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. எங்கே போனாலும் பொது ஜனங்களை அநுமதிக்கும் மாலையில் போங்கள். காரியதரிசியிடம் பேசுவதை விட, சேர்ந்து மூன்று மாதமான ஒருவரிடம் பேசுங்கள். வாடகை எந்தப் பணத்திலிருந்து போகிறது, குத்தகை எத்தனை வருஷம், ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் யாருக்கு, கணக்கை அங்கத்தினர் பார்க்கலாமா என்று விசாரியுங்கள். வெட்கப்பட வேண்டாம். பெண் கொடுக்கும் இடத்தில் விசாரிக்கிறோமே, அது போலத்தான்.

எல்லாம் விசாரித்துச் சேர்ந்த பிறகும் ஒரு சாவி மிச்சமிருக்கிறது. அது நிலத்தின் சாவி. ரெயில்வேக்குச் சொந்தமாயிருந்த ஆயிரக்கணக்கான பாலத்து வளைவுகளை 2019-ம் ஆண்டில் ஏறக்குறைய 146 கோடி பவுனுக்குத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். வாடகை ஏறுமே என்று அந்த வளைவுகளில் பிழைக்கும் சிறு தொழில்காரர்கள் அப்போது குரல் கொடுத்தார்கள். கதவைத் திறக்கும் அட்டை ஆயிரம் பேரிடம் இருந்தாலும், கட்டடம் ஒருவருடையது என்றால் அந்த ஆயிரம் பேரும் குடக்கூலிக்காரர்களே. பிரான்ஸிஸ் பிளேஸ் பணக்காரர் வீட்டு வாசற்படிகளை ஏறி இறங்கினாரே, அவர் கண்முன்னே நின்ற கவலையும் இதுதான். கூலிக்காரர் சந்தா ரம்பம் வாங்கப் போதும். நிலம் வாங்கப் போதாது.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நிலத்தையும் கூரையையும் ஊர் கொடுக்கட்டும். நம் ஊர்களில் சத்திரமும் குளமும் ஊருக்குப் பொதுவாக இருந்தவைதானே? உள்ளே நடக்கும் காரியத்தை வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கொடுத்தவன் திரும்ப வாங்க முடியாதபடி அதைப் பத்திரத்தில் எழுதி வைக்கட்டும். 1823-ல் கமிட்டிக்கு எழுதிய மூன்றில் இரண்டு பங்கு விதியை, கட்டடத்துக்கும் எழுதியிருக்கலாம். அதுவரையில், சேருகிறவர்கள் சாவியை வாங்கிக்கொள்ளும்போது சுவரிலிருக்கும் துடைப்பத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.